ஒரு கம்ப்யூட்டர், பல கிளை நூலகங்கள்

நூலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை இருக்கும். மேசை மேல் ஒரு தடித்த நோட்டு இருக்கும். நீங்கள் புத்தகம் எடுத்தால் அந்த நோட்டில் எழுதுவார்கள். உங்கள் பெயர், உறுப்பினர் எண், புத்தகத்தின் எண், தேதி, கையெழுத்து. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த வரியை அடிப்பார்கள். அவ்வளவுதான் வேலை.

ஒரு நூலகம், ஒரு நோட்டு என்றால் தொல்லை இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு நூலகமா இருக்கிறது? மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய நூலகம் இருக்கும். சின்ன ஊர்களில் கிளை நூலகங்கள் இருக்கும். கிராமங்களிலும் சில இடங்களில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு. ஒரு கிளையில் என்ன இருக்கிறது என்று அடுத்த கிளைக்குத் தெரியாது.

புத்தூரில் ஒரு அம்மா தையல் வேலை செய்கிறார். ரவிக்கை வெட்டும் முறை பற்றித் தமிழில் ஒரு புத்தகம் கேட்கிறார். புத்தூர் கிளையில் அது இல்லை. திருப்பதி கிளையில் அது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே அடிக்கடி பஸ் ஓடுகிறது. ஆனாலும் புத்தகம் அந்த அம்மாவின் கைக்கு வரவில்லை. ஏன்? புத்தகம் இருக்கும் இடம் யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

நூலகம் யார் பணம்?

வீட்டு வரி கட்டுகிறீர்களா? ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சின்னத் தொகை சேர்ந்திருக்கும். ஆந்திரப் பிரதேசத்தில் வீட்டு வரி ஒரு ரூபாய் என்றால் நூலக வரி 8 பைசா. தமிழ்நாட்டில் 10 பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் ஆந்திராவில் 80 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறார். படிக்கத் தெரிந்தவரும் கொடுக்கிறார். தெரியாதவரும் கொடுக்கிறார். ஆகவே நூலகம் நம் பணத்தில் நடக்கிறது. அங்கே போய்ப் புத்தகம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்த வரி எப்படி வந்தது? சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். புத்தகம் பூட்டி வைக்கும் பொருள் இல்லை, எல்லோரும் எடுத்துப் படிக்கும் பொருள் என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்தவர். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமம் கிராமமாகப் போயின. அதற்குப் பின்னாலும் அவர் தூண்டுதல் இருந்தது. நூலகத்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று பல வருடம் அலைந்தார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது.

அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே அந்தச் சட்டம் இந்த ஊர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் தனியானது. சித்தூர் அதோடு போனது. 1960-ல் ஆந்திரப் பிரதேசத்துக்கு என்று தனி நூலகச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு நூலக நிறுவனம். தெலுங்கில் அதற்கு ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா என்று பெயர். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், கிராம நூலகம், புத்தக வைப்பு மையம் எல்லாம் அதன் கீழே வரும். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. இந்தத் தேதிகளை எதற்குச் சொல்கிறோம்? கொஞ்சம் பொறுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

மூன்று கிளை இருந்த ஒரு தூர தேசம்

நியூசிலாந்து என்று ஒரு நாடு. ஆஸ்திரேலியாவுக்கும் அப்பால் கடலுக்கு நடுவே இருக்கிறது. அங்கே ஹோரோவெனுவா என்ற பகுதி. லெவின், ஃபாக்ஸ்டன், ஷானன் என்று மூன்று ஊர்களில் நூலகம். மூன்றையும் ஒரே நிர்வாகம் நடத்தியது. ரோசலி பிளேக் என்ற அம்மையார் தலைமை நூலகர்.

அவர்களிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடு இருந்தது. 1999 வந்தது. பழைய ஏற்பாடு 2000-ஆம் வருடத்துக்குள் நுழையாது என்று தெரிந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பல, வருடத்துக்குக் கடைசி இரண்டு எண்ணை மட்டும்தான் எழுதும். 1999 என்றால் 99. 2000 என்றால் 00. அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. அப்படி ஆனால் புத்தகம் எடுத்தவர் எல்லோருக்கும் கணக்குத் தப்பாகும்.

புது சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று பார்த்தார்கள். விலை அதிகம். மூன்று ஊரையும் இணைக்கும் தனித் தொலைபேசிக் கம்பிக்கும் மாதா மாதம் பெரிய தொகை கட்ட வேண்டும். சின்ன நூலகம் எங்கே போகும்? கட்டிப்போ என்ற சிறிய கம்பெனியைக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கிறிஸ் கோர்மாக் என்ற இளைஞரும் கூட இருந்தவர்களும் சில மாதங்களில் எழுதிக் கொடுத்தார்கள். 2000 ஜனவரி 3-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. சாதாரணத் தொலைபேசி வழியாகவே கிளைகள் பேசிக்கொண்டன.

அதன் பெயர் கோஹா. நியூசிலாந்தின் மண்ணின் மக்கள் மவோரிகள். அவர்கள் மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். இன்று வாங்கியவர் நாளை திருப்பிச் செய்வார். கோஹாவும் ஏறக்குறைய அந்த மாதிரி. வாங்கியவர் தன்னால் முடிந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நூலகம் காசு கொடுத்து எழுத வைத்த சாஃப்ட்வேரை, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியே விட்டார்கள். பிறகு உலகம் முழுவதும் பரவியது. இந்தியாவிலும் நிறைய நூலகங்கள், கல்லூரிகள் அதை வைத்திருக்கின்றன.

நம் அரசின் தேசியத் தகவல் மையமும் ஒரு நூலக சாஃப்ட்வேர் செய்திருக்கிறது. பெயர் இ-கிரந்தாலயா. அரசு நூலகங்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். அதன் புதிய வடிவில் கணக்கு முழுவதும் அரசின் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். கிளைக்கு இன்டர்நெட் மட்டும் போதும். கல்லூரி நூலகங்களுக்கு குஜராத்தில் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் சோல் என்ற சாஃப்ட்வேரைத் தருகிறது. எதை எடுத்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். இந்தப் பாடத்தில் கோஹாவை வைத்துச் சொல்கிறோம்.

எங்கே வைப்பது?

நான்கு கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி. இது பாடத்துக்காகச் சொல்லும் உதாரணம். இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது திருப்பதியில் இருக்கிறது.

சாஃப்ட்வேரை அதில் ஏற்றுவது கம்ப்யூட்டர் தெரிந்தவர் செய்யும் வேலை. லினக்ஸ் என்ற அடிப்படை வேண்டும். அதுவும் இலவசம். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளில் இது தெரிந்தவர் கட்டாயம் இருப்பார். ஆனால் ஏற்றிய பிறகு என்ன எழுதுவது என்பதை நூலகத்தில் வேலை செய்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதை வெளியாளிடம் விடக்கூடாது. வீடு கட்டுவது மேஸ்திரி. அடுப்பு எந்தப் பக்கம் என்று சொல்வது சமைப்பவர்.

ஏற்றி முடித்ததும் இரண்டு திரைகள் கிடைக்கும். ஒன்று ஊழியருக்கு. இன்னொன்று வாசகருக்கு. வாசகர் திரையில் தேடலாம், புத்தகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். ஊழியர் திரையில்தான் கொடுப்பது, வாங்குவது, புதுப் புத்தகம் பதிவது எல்லாம்.

நான்கு கிளை என்பதற்காக சாஃப்ட்வேரை நான்கு முறை ஏற்ற வேண்டுமா? வேண்டாம். அப்படிச் செய்தால் நான்கு தனி நோட்டு வைத்த கதைதான். ஒரு முறை ஏற்றி, அதற்குள்ளே நான்கு கிளையின் பெயரையும் எழுத வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குறுக்கெழுத்து கொடுக்க வேண்டும். ரயில்வேயில் செய்வது போல. திருப்பதி ஸ்டேஷனுக்கு டி.பி.டி.ஒய். சித்தூருக்கு சி.டி.ஓ. டிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். நூலகக் கிளைக்கும் அந்த மாதிரி. பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விடக்கூடாது. முக்கியமான விஷயம், ஒரு முறை கொடுத்துவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது.

இப்போது அந்தத் தேதிகளை நினைத்துப் பாருங்கள். குறுக்கெழுத்தில் மாவட்டத்தின் பெயரைச் சேர்த்தால் என்ன ஆகும்? 2021-ல் திருப்பதி கிளைக்கு சித்தூர் மாவட்டம் என்று பொருள்படும் எழுத்தைக் கொடுத்திருந்தால், 2022-லேயே அது பொய்யாகியிருக்கும். புத்தகத்தின் மேல் ஒட்டிய ஆயிரக்கணக்கான சீட்டிலும் அந்தப் பொய் இருக்கும். மாவட்டம் மாறும். மாநிலமே மாறியிருக்கிறது. ஊர் பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆகவே குறுக்கெழுத்தை ஊரின் பெயரில் வைப்பதே நல்லது.

இருநூற்றுப் பதினான்கு நான்கு இருக்கிறது

அடுத்தது புத்தகங்களைப் பதிவது. பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். மாதக் கணக்கில் ஆகும்.

ஒரே புத்தகம் நான்கு கிளையிலும் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு முறை பதியக்கூடாது. புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், வருடம் இதெல்லாம் ஒரு முறை. அதன் கீழே பிரதிகள் நான்கு. ரேஷன் கார்டைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு கார்டு. உள்ளே ஆட்களின் பெயர் வரிசையாக. அப்படித்தான் இதுவும். அவசரத்தில் ஒவ்வொரு கிளைக்காரரும் தனித்தனியாகப் பதிந்தால், தேடும்போது ஒரே புத்தகம் நான்கு இடத்தில் வரும். தையல்கார அம்மா முதலாவதைப் பார்ப்பார். வெளியே போயிருக்கிறது என்று இருக்கும். திரும்பிப் போய்விடுவார். கீழே மூன்று பிரதி சும்மா இருப்பது அவருக்குத் தெரியாது.

பெயர் எழுதுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒருவர் பாரதியார் என்று பதிகிறார். இன்னொருவர் சுப்பிரமணிய பாரதி என்று பதிகிறார். மூன்றாமவர் முன்னால் சி. சேர்க்கிறார். கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று பேர். முதலிலேயே எப்படி எழுதுவது என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

தமிழ்ப் புத்தகத்தைத் தமிழ் எழுத்திலேயே பதியலாம். தெலுங்குப் புத்தகத்தைத் தெலுங்கிலேயே பதியலாம். சித்தூர்ப் பக்கம் இரண்டும் பேசுகிறவர்கள், இரண்டும் படிக்கிறவர்கள் உண்டு. ஒரே திரையில் இரண்டும் வரும். யூனிகோடு என்ற முறையில் தட்டினால் போதும். ஆனால் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டி வைத்த பட்டியல் இருந்தால் கவனம். அதை அப்படியே ஏற்றினால் திரையில் கோடும் புள்ளியுமாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பதிகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அது சோம்பேறித்தனம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அதில் எப்படித் தேடுவார்?

இனி எண். ஒவ்வொரு கிளையும் தன் வரவுப் பதிவேட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வந்திருக்கிறது. சித்தூரில் 214 ஒரு கதைப் புத்தகம். திருப்பதியில் 214 மாடு வளர்ப்பு. புத்தூரில் 214 சமையல். நகரியில் 214 கிழிந்து போய்க் கழித்துவிட்ட புத்தகம். தனித்தனி நோட்டாக இருந்தவரை சண்டை இல்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் வந்ததும் சண்டை வருகிறது. ஒரு எண்ணை ஒரு பிரதிக்குத்தான் கொடுக்கலாம். இரண்டாவது 214-ஐக் கம்ப்யூட்டர் ஏற்காது.

அப்போது அவசரக்காரர் என்ன செய்வார்? வாய்க்கு வந்த புது எண்ணைக் கொடுத்துவிடுவார். பதிவேட்டில் ஒரு எண், கம்ப்யூட்டரில் ஒரு எண். தணிக்கை வரும்போது எந்தப் புத்தகம் எது என்று யாருக்கும் தெரியாது. இல்லாத புத்தகத்துக்கு நூலகர் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்ட வேண்டிய நிலை கூட வரலாம். சரியான வழி எளிது. பழைய எண்ணுக்கு முன்னால் கிளையின் குறுக்கெழுத்தைச் சேர்க்க வேண்டும். புத்தூர் 214, நகரி 214. பதிவேட்டு எண்ணும் மாறவில்லை, சண்டையும் இல்லை. உறுப்பினர் எண்ணுக்கும் இதே வழிதான்.

ஒவ்வொரு பிரதிக்கும் இரண்டு இடம் உண்டு. ஒன்று சொந்தக் கிளை. இன்னொன்று இப்போது இருக்கும் கிளை. ஊர் புத்தூர், வேலை திருப்பதியில் என்று சொல்வோம் இல்லையா? அது போல. திருப்பதிப் புத்தகத்தைப் புத்தூரில் கொண்டுவந்து கொடுத்தால், இது திருப்பதிப் புத்தகம், அனுப்பி வை என்று திரை சொல்லும். தையல்கார அம்மாவுக்குப் புத்தகம் வரும் வழி இப்படித்தான் திறக்கிறது.

பஸ்ஸில் வரும் நோட்டு

கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்று சொன்னோம். மற்ற மூன்று கிளையில் என்ன செய்வது? இன்டர்நெட் உள்ள போன் இருந்தால் அதிலேயே ஊழியர் திரையைத் திறக்கலாம். அதுவும் இல்லாத கிளை உண்டு. அங்கே பழைய நோட்டுதான். வாரம் ஒரு முறை நோட்டு பஸ்ஸில் திருப்பதிக்கு வரும். அங்கே உள்ளவர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் நோட்டு ஊருக்குத் திரும்பும். பாதி வழி கம்ப்யூட்டர், பாதி வழி பஸ். சிரிக்க வேண்டாம். நன்றாக நடக்கும். ஆனால் மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதல் இடம், கிளையின் பெயர். ஊழியர் திரையின் மேலே, நீங்கள் இப்போது எந்தக் கிளையில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். புத்தூர் நோட்டை ஏற்றும் முன் அதைப் புத்தூர் என்று மாற்ற வேண்டும். மறந்துவிட்டால்? புத்தூரில் திரும்பி வந்த புத்தகம் திருப்பதியில் வந்ததாகப் பதிவாகும். இது புத்தூர்ப் புத்தகம், அனுப்பி வை என்று திரை சொல்லும். ஊழியரும் சரி என்று தட்டிவிடுவார். புத்தகம் என்னவோ புத்தூர் அலமாரியில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் அது வழியில் போய்க்கொண்டே இருக்கும். எந்த பஸ்ஸிலும் ஏறாத பயணம்.

இரண்டாவது இடம், தேதி. இங்கேதான் வாசகருக்கு நேராக அடி விழும். ஒரு அம்மா 10-ஆம் தேதிக்குள் புத்தகம் திருப்ப வேண்டும். 9-ஆம் தேதியே திருப்பிவிட்டார். நோட்டு திருப்பதிக்கு வந்தது 14-ஆம் தேதி. அன்று ஊழியர் அப்படியே ஏற்றினார். கம்ப்யூட்டருக்கு அந்தப் புத்தகம் 14-ஆம் தேதி வந்தது. நான்கு நாள் தாமதம். நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம் என்றால் நான்கு ரூபாய். அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது பேச்சு இப்படிப் போகும்:

“என்னம்மா, நாலு ரூபாய் பாக்கி இருக்குதே.”

“எனக்கா சார்? நான் முந்தின நாளே கொடுத்துட்டேனே.”

“கம்ப்யூட்டர்ல வந்திருக்கும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“நான் கையெழுத்து போட்டிருக்கேன் சார். அந்த நோட்டை எடுத்துப் பாருங்க.”

அந்த அம்மா சமீபத்தில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். தான் போட்ட கையெழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நோட்டை எடுத்தார்கள். 9-ஆம் தேதி என்று இருந்தது. எல்லோரும் இப்படிக் கேட்பார்களா? பலர் கேட்க மாட்டார்கள். நான்கு ரூபாயைக் கொடுத்துவிட்டு, மறுபடி நூலகத்துப் பக்கமே வர மாட்டார்கள். நான்கு ரூபாய் போனது பெரிதில்லை. ஒரு வாசகர் போய்விட்டார்.

இதற்கு வழி இருக்கிறது. திரும்பிய தேதியை நாமே எழுதும்படி கோஹாவில் அமைக்கலாம். இரவல் கொடுக்கும்போதும் திருப்ப வேண்டிய தேதியை நாமே எழுதலாம். நோட்டில் உள்ள தேதியைத்தான் தட்ட வேண்டும், இன்றைய தேதியை விடக்கூடாது. இந்த அமைப்பு முதலில் மூடியிருந்தால் திறந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது இடம், வரிசை. ஒரு புத்தகம் திங்கட்கிழமை திரும்பி வந்தது. புதன்கிழமை வேறொருவர் அதை எடுத்தார். நோட்டில் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஏற்றுபவர், முதலில் கொடுத்ததை எல்லாம் ஏற்றிவிடுவோம், பிறகு வாங்கியதை ஏற்றுவோம் என்று நினைத்தால் கெட்டது. புதன்கிழமைக் கணக்கைத் தட்டியதும், இந்தப் புத்தகம் வேறொருவரிடம் இருக்கிறதே என்று திரை கேட்கும். பரவாயில்லை கொடு என்று தட்டுவார். பிறகு திங்கட்கிழமைத் திரும்பலைத் தட்டுவார். அப்போது யார் பெயரில் இருக்கிறது? புதன்கிழமைக்காரர் பெயரில். அவர் பெயரிலிருந்து புத்தகம் நீங்கிவிடும். புத்தகம் அவர் வீட்டில் இருக்கும். கம்ப்யூட்டரில் நூலகத்தில் இருக்கும். தொலைந்தால் கேட்க ஆள் இல்லை. நோட்டில் உள்ள வரிசையிலேயே மேலிருந்து கீழாக ஏற்றினால் இந்தச் சிக்கலே வராது.

யார் தொட்டது?

ஒரே கம்ப்யூட்டர். தொடுவது நான்கு பேர். ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒன்றே போதும் என்று வைத்து, அதைக் கம்ப்யூட்டர் மேலேயே சீட்டில் எழுதி ஒட்டுகிற இடங்கள் உண்டு. பிறகு தவறு நடந்தால் பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் சம்பளம் குறைந்தவர் மேல், தற்காலிக ஊழியர் மேல். தனிப் பெயர் இருந்தால் யார் எதைச் செய்தார் என்று கம்ப்யூட்டரே சொல்லும். தனிப் பாஸ்வேர்டு ஊழியருக்குப் பாதுகாப்பு. எழுந்து போகும்போது வெளியேறிவிட்டுப் போக வேண்டும்.

அனுமதியையும் அளந்து கொடுக்க வேண்டும். புத்தகம் கொடுத்து வாங்குபவருக்கு அந்த அனுமதி போதும். பதிவை அழிக்கும் அனுமதி எல்லோருக்கும் வேண்டாம். ஒவ்வொரு கிளையும் தன் கணக்கை மட்டும் தொடும்படி பூட்டவும் ஒரு அமைப்பு இருக்கிறது. ஆனால் ஒருவரே நான்கு நோட்டையும் ஏற்றும் இடத்தில் அது தடையாகும். அங்கே பூட்டாமல் விடுவதே நல்லது. எப்படி இருந்தாலும் வேலை தொடங்கும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். பாதியில் மாற்றினால் குழப்பம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் பலர் நினைப்பதில்லை. யார் என்ன படித்தார் என்பது கம்ப்யூட்டரில் இருக்கிறது. முன்பு அது ஒரு ஊர் நோட்டில் இருந்தது. இப்போது நான்கு ஊர் ஊழியரும் பார்க்கலாம். ஒரு பெண் விவாகரத்துச் சட்டம் பற்றிப் படிக்கிறார். ஒருவர் தன் நோயைப் பற்றிப் படிக்கிறார். அவர் என்ன எடுத்தார் என்று அண்ணன் வந்து கேட்டாலும், கணவர் வந்து கேட்டாலும் ஊழியர் சொல்லக்கூடாது. புத்தகம் திரும்பி வந்த பிறகு, எடுத்தவர் பெயரை அந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் வசதி கோஹாவில் உண்டு. எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். யார் என்பது இருக்காது. அதைப் பயன்படுத்துவது நல்லது.

கரண்ட் போனால்

நான்கு நோட்டு இருந்த காலத்தில் ஒன்றைக் கரையான் அரித்தால் மூன்று மிஞ்சும். இப்போது எல்லாம் ஒரே பெட்டிக்குள். மே மாத வெயிலில் கரண்ட் வந்து வந்து போகும். திடீரென்று நின்றால் எழுதிக்கொண்டிருந்த கணக்கு கெடலாம். ஆகவே ஒரு யூ.பி.எஸ். வேண்டும். சாஃப்ட்வேர் இலவசம்தான். ஆனால் யூ.பி.எஸ்., பார்கோடு சீட்டு, ஒட்டுவதற்கு ஆள், கரண்ட் பில் எதுவும் இலவசம் இல்லை. பட்ஜெட் போடும்போதே இதை எழுத வேண்டும்.

தினமும் கணக்கை நகல் எடுக்க வேண்டும். கோஹா தானே தினமும் நகல் எடுக்கும்படி அமைக்கலாம். ஆனால் அந்த நகலும் அதே பெட்டிக்குள் கிடந்தால் என்ன பயன்? பெட்டி எரிந்தால் நகலும் எரியும். வாரம் ஒரு முறை அதை வெளியே எடுத்து இன்னொரு ஊரில் வைக்க வேண்டும். நோட்டு திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் ஒரு பென் டிரைவும் சித்தூருக்குப் போகலாம். அதில் வாசகர்களின் பெயர், விலாசம் எல்லாம் இருக்கும். பூட்டி வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தே பார்க்காத நகலை நம்பக்கூடாது.

பழைய நோட்டுகளையும் தூக்கிப் போடக்கூடாது. அந்த அம்மாவின் நான்கு ரூபாயைக் காப்பாற்றியது நோட்டுதானே.

செய்து பாருங்கள்

புத்தூர் கிளையின் நோட்டில் ஒரு வாரக் கணக்கு இது. 3-ஆம் தேதி திங்கட்கிழமை: புத்தூர் 214 திரும்பியது. அதே நாள்: திருப்பதி 90 திரும்பியது. 5-ஆம் தேதி புதன்கிழமை: புத்தூர் 214-ஐ வேறொருவர் எடுத்தார். 6-ஆம் தேதி வியாழக்கிழமை: நகரி 31 திரும்பியது. நோட்டு திருப்பதிக்கு வந்தது 8-ஆம் தேதி சனிக்கிழமை.

நீங்கள்தான் ஏற்றுகிறீர்கள். திரையின் மேலே எந்தக் கிளையின் பெயர் இருக்க வேண்டும்? நான்கு வரிகளையும் எந்த வரிசையில் தட்டுவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் என்ன தேதி எழுதுவீர்கள்? எந்தப் புத்தகத்துக்கு ‘அனுப்பி வை’ என்று திரை சொல்லும்? நகரி 31-ஐத் திருப்ப வேண்டிய கடைசி நாள் 6-ஆம் தேதி. எடுத்தவர் அபராதம் கட்ட வேண்டுமா?

உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். ஏதாவது ஒரு புத்தகத்தின் வரவு எண்ணைப் பார்த்து உங்கள் நோட்டில் எழுதி வாருங்கள். பக்கத்து ஊர் நூலகத்திலும் அதே எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.